ஸ்டூவர்ட் லிட்டில்: வயித்துல பொறந்தவனா, வீட்டுக்கு வந்தவனா?

[திரையில்: காசிமேடு, மொட்டை மாடி, சாயங்காலம். கொடிக்கம்பியில வெள்ளை வேட்டி. அதுக்கு முன்னாடி பாயில உட்கார்ந்திருக்கிற பசங்களோட முதுகு மட்டும்.]

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை எங்க மாடியில ஒரு படம் போட்டோம். வேட்டிதான் திரை, ப்ரொஜெக்டர் இரவல். ஆங்கிலப் படம்ங்கிறதால ஒவ்வொரு வசனமா நிறுத்தி நிறுத்தி நான் தமிழ்ல சொன்னேன். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத படம், மூணு மணி நேரம் ஆச்சு. பசங்க ஒருத்தரும் எழுந்து போகல.

படம் பேரு ஸ்டூவர்ட் லிட்டில். 1999 டிசம்பர்ல வந்தது. இயக்குநர் ராப் மின்காஃப். நியூயார்க்ல லிட்டில்னு ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துல பேண்ட் சட்டை போட்டுக்கிட்டுப் பேசுற ஒரு சுண்டெலி. 2002-ல ரெண்டாம் பாகம் வந்தது. 2005-ல வந்த மூணாம் பாகம் முழுக்க அனிமேஷன், தியேட்டருக்கு வராம நேரா டிவிடியில வந்தது. மூணாவதைப் பத்தி இன்னிக்குப் பேசப் போறதில்ல. முதல் ரெண்டுலதான் நிறைய விஷயம் இருக்கு, அதைவிட அதுக்கு மூலமான புத்தகத்துல இருக்கு.

[திரையில்: ஓடுற ரயில், ராத்திரி, ஜன்னல் வெளிச்சம்.]

அந்தப் புத்தகத்தை எழுதினவர் இ.பி. ஒயிட். 1920-கள்ல ஒரு ராத்திரி ரயில்ல தூங்கிக்கிட்டுப் போறப்ப அவருக்கு ஒரு கனவு வந்திருக்கு. எலி மாதிரியே இருக்கிற ஒரு குட்டிப் பையன். எழுந்ததும் குறிச்சு வச்சுக்கிட்டார். அண்ணன் அக்கா பிள்ளைங்க கதை கேக்கும்போதெல்லாம் இந்தப் பையனைப் பத்திக் கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவாராம். புத்தகமா வந்தது 1945-ல. அவ்ளோ வருஷம் காத்திருந்த கதை இது.

வந்தப்ப எல்லாரும் கைதட்டல. நியூயார்க் பொது நூலகத்துல குழந்தைகள் பிரிவைப் பல வருஷம் நடத்தின ஆன் கரோல் மூர், இதை வெளியிடவே வேணாம்னு ஒயிட் குடும்பத்துக்குக் கடிதம் எழுதினாங்க. அந்தக் காலத்துல குழந்தைகள் புத்தகத்துக்கு அவங்க சொல்லுதான் சொல்லு. ஆனா புத்தகம் வெளிவந்து நிலைச்சு நின்னுடுச்சு.

அப்ப சிலரை உறுத்தின விஷயங்கள்ல ஒண்ணு, புத்தகத்தோட முதல் பக்கத்துலயே இருக்கு. புத்தகத்துல ஸ்டூவர்ட் தத்துப்பிள்ளை கிடையாது. திருமதி லிட்டிலோட ரெண்டாவது மகன். பொறந்திருக்கான், ரெண்டு அங்குல உயரம்தான் இருக்கான், மூக்கு, வால், மீசை எல்லாம் எலி மாதிரி இருக்கு. அவ்ளோதான். ஏன் எப்படின்னு ஒயிட் ஒரு வரிகூட விளக்கல. வீட்ல யாரும் கத்தல, அழல. படுக்கை செஞ்சு கொடுக்கறாங்க, துணி தைச்சுக் கொடுக்கறாங்க.

படத்துல அதை மாத்திட்டாங்க. லிட்டில் தம்பதி தங்களோட பையன் ஜார்ஜுக்கு ஒரு தம்பி வேணும்னு அநாதை இல்லத்துக்குப் போறாங்க. அங்க ஸ்டூவர்ட் மத்த பசங்களைப் பத்தி ஒவ்வொருத்தரா நல்லதாச் சொல்றான், இவனைக் கூட்டிட்டுப் போங்க, அவளைக் கூட்டிட்டுப் போங்கன்னு. கடைசியில அவனையே கூட்டிட்டு வந்துடறாங்க.

இந்தத் திரைக்கதையில பேர் இருக்கிறது ரெண்டு பேருக்கு. ஒருத்தர் கிரெக் புரூக்கர். இன்னொருத்தர் எம். நைட் ஷியாமளன். ஆமா, அதே வருஷம் ஆகஸ்ட்ல தி சிக்ஸ்த் சென்ஸ் கொடுத்த அதே ஆள்தான். பொறந்தது மாஹேயில, புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல. பேய்ப் படத்துக்கும் எலிப் படத்துக்கும் நடுவுல நாலே மாசம்.

புத்தகத்தை நேசிக்கிறவங்க பலர் இந்த மாற்றத்தை மன்னிக்கறதில்ல. எனக்கு வேற அபிப்பிராயம். அதுக்குக் காரணம் எங்க பெரியம்மா.

[திரையில்: அரிவாள்மனை. கைகள். கிண்ணத்துல சுத்தம் பண்ணின காரப்பொடி மீன்.]

என்னை வளர்த்தது பெரியம்மாதான். நாலு வயசுல அந்த வீட்டுக்கு வந்தேன். படம் ஓடுறப்ப அவங்க மாடிப் படிக்கட்டுல உட்கார்ந்து மீன் அரிஞ்சுக்கிட்டு ஒரு கண்ணால பார்த்துக்கிட்டிருந்தாங்க. படத்துல பாதிக்கு மேல ஒரு இடம் வரும். ஸ்டவுட்னு ஒரு எலி ஜோடி வாசல்ல வந்து நிக்கும், நாங்கதான் ஸ்டூவர்ட்டைப் பெத்தவங்கன்னு. உண்மையில லிட்டில் வீட்டுப் பூனையும் அதோட கூட்டாளிப் பூனைங்களும் செட் பண்ணி அனுப்பின ஜோடி. அது தெரியாம ஸ்டூவர்ட் அழுதுக்கிட்டே அவங்ககூடக் கிளம்பறான்.

அரிவாள்மனை நின்னுது. "இன்னாடி இது? பெத்தவங்கன்னு சொல்லிக்கினு எவனாவது வந்தா தூக்கிக் குடுத்துடறதா? ஒரு சர்டிபிகேட்டு, ஒரு ரேஷன் கார்டு ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?" அதுக்கப்புறம் அவங்க மீனைத் தொடல. உண்மையான அப்பா அம்மா ரொம்ப வருஷம் முன்னாடியே ஒரு சூப்பர் மார்க்கெட் விபத்துல செத்துட்டாங்கன்னு லிட்டில் தம்பதிக்குத் தெரிய வர்ற வரைக்கும் படிக்கட்டுல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாங்க.

புத்தகத்துல ஸ்டூவர்ட்டை யாரும் வந்து கேக்க முடியாது, அவன் பொறந்த வீடு அது. படத்துல கேக்க முடியும். அந்த பயம் உள்ள வந்ததாலதான் இது வெறும் எலி வித்தையா இல்லாம ஒரு குடும்பக் கதையா ஆச்சுன்னு நான் நினைக்கிறேன்.

[திரையில்: மாடியில பசங்க. வேட்டியில ஏரி, பாய்மரப் பொம்மைப் படகுகள்.]

சென்ட்ரல் பார்க் படகுப் போட்டி வந்தப்பதான் எங்க மாடி ரெண்டு பட்டுது. ஜார்ஜோட படகு பேரு வாஸ்ப், குளவின்னு அர்த்தம். ரிமோட் நசுங்கிடும், ஸ்டூவர்ட்டே படகுல ஏறி ஓட்டுவான். ஃபைபர் போட் வச்சிருக்கிறவரோட பையன் ஒருத்தன், பத்து வயசு இருக்கும், எழுந்து வேட்டிகிட்டயே போய் நின்னுட்டான். "அக்கா, பாய இழுத்துக் கட்டிக்கினே கீறான் பாரு. காத்து அடிச்சா கவுந்துடும். வுட்டுப் புடிக்கணும்." சுக்கானை எந்தப் பக்கம் தள்ளணும்னு கையால காட்டினான். அவன் நிழல் படகு மேல விழுந்துது, யாரும் உக்காருன்னு சொல்லல.

இந்தப் போட்டி புத்தகத்துலயும் இருக்கு. அங்க அவன் ஓட்டறது ஒரு பல் டாக்டரோட பொம்மைப் படகை. ஒரு போலீஸ்காரர் குளத்துல விழுந்து அலை கிளம்பும், ஒரு காகிதப் பை வந்து பாய்மரத்துல சிக்கும். ஒயிட் நிஜமாவே பாய்மரப் படகு ஓட்டத் தெரிஞ்சவர், அது எழுத்துல தெரியும்.

அதே பையன் இன்னொரு கேள்வியும் கேட்டான். ரெண்டாம் பாகத்துலேர்ந்து ஒரு துண்டு போட்டுக் காட்டினேன். அம்மாவோட மோதிரம் சிங்க் குழாய்க்குள்ள விழுந்துடுச்சுன்னு நினைச்சு ஸ்டூவர்ட்டை நூல்ல கட்டி உள்ள இறக்குவாங்க, நூல் அறுந்துடும். புத்தகத்துலயும் ஆரம்பத்துலயே இது இருக்கு. அங்க அவன் மோதிரத்தைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அழுக்கோட மேல வருவான், குளிக்க வச்சு வாசனைத் தண்ணி தெளிப்பாங்க. பிங்பாங் பந்து உருண்டு போனா அவன்தான், பியானோ கட்டை மாட்டிக்கிட்டா அவன்தான். சின்னவன்ங்கிறதால எல்லா இடுக்கு வேலையும் அவன் தலையில.

"அவன ஏங்க்கா உள்ள எறக்குறாங்க?" இதான் கேள்வி.

அமெரிக்காவுல இதைப் பார்க்கிற குழந்தைக்கு இது சாகசம். நம்ம பக்கம் சாக்கடைக் குழிக்குள்ள கயிறு கட்டி ஆள் இறங்கறதைப் பார்த்த பசங்க இருக்காங்க. 2013-லயே தடைச் சட்டம் வந்தாச்சு, அப்புறமும் சாவு நிக்கல. நான் படத்தை நிறுத்தினேன். "தப்புதான், இறக்கியிருக்கக் கூடாது"ன்னு சொன்னேன். கதையை ரசிக்கறதுக்கும் அந்தப் பதிலுக்கும் சண்டை இல்ல.

[திரையில்: கணப்புக்கு மேல மாட்டின ஓவியம். தூங்குற பெண், கறுப்பு ஜாடி.]

இப்ப இந்த ஓவியத்தைப் பாருங்க. லிட்டில் வீட்டு வரவேற்பறையில சும்மா பின்னாடி மாட்டியிருக்கும். 2009-ல கெர்கெய் பார்கின்னு ஹங்கேரியைச் சேர்ந்த கலை வரலாற்று ஆய்வாளர் வீட்ல தன் மகளோட சேர்ந்து இந்தப் படம் பார்த்துக்கிட்டிருந்தார். திடீர்னு நிமிர்ந்தார். அது ராபர்ட் பெரேனி வரைஞ்ச ஓவியம். 1920-கள் கடைசியிலேர்ந்து எங்க போச்சுன்னே தெரியாம இருந்தது. அவர் அதுவரைக்கும் பார்த்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோ மட்டும்தான்.

ஸ்டூடியோக்களுக்குக் கடிதம் மேல கடிதம் போட்டார். ரொம்ப நாள் கழிச்சு, படத்துக்கு செட் அலங்காரம் பண்ணின ஒரு பெண்கிட்டேர்ந்து பதில் வந்தது. ஒரு பழம்பொருள் கடையில 500 டாலருக்கு வாங்கியிருக்காங்க, படம் முடிஞ்சதும் தன் வீட்டுச் சுவத்துல மாட்டிட்டாங்க. 2014-ல புடாபெஸ்ட்ல ஏலம் போனப்ப 2,29,500 யூரோ.

தொழில்நுட்பத்தைப் பத்திச் சுருக்கமா. ஸ்டூவர்ட் முழுக்கக் கம்ப்யூட்டர்ல செஞ்சவன், குரல் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ். லிட்டில் தம்பதியா நடிச்ச ஜீனா டேவிஸும் ஹியூ லாரியும் பார்த்துப் பேசினது வெறும் இடத்தை. பூனைங்க நிஜம், வாய் மட்டும் பிறகு கம்ப்யூட்டர்ல அசைச்சது. விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்தது, ஆனா அந்த வருஷம் மேட்ரிக்ஸ் வாங்கிட்டுப் போச்சு.

[திரையில்: காலி ரோடு, விடியற்காலை.]

கடைசியா புத்தகத்தோட முடிவு. வீட்டுக்கு மார்கலோன்னு ஒரு பறவை வருது. ஸ்டூவர்ட்டுக்கு உயிர்த் தோழி. ஒருநாள் அவளைப் பூனைகள் பிடிக்கப் போகுதுன்னு தெரிஞ்சதும் யார்கிட்டயும் சொல்லாம பறந்து போயிடறா. ஸ்டூவர்ட் ஒரு குட்டிக் கார்ல அவளைத் தேடிக் கிளம்பறான். வழியில ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியாரா இருக்கான், ஒரு பொண்ணோட படகு சவாரிக்குத் திட்டம் போட்டு அது வீணாகுது. கடைசிப் பக்கத்துல டெலிபோன் லைன் பார்க்கிற ஒருத்தர்கிட்டப் பேசிட்டு, வடக்கு நோக்கி வண்டியைத் திருப்பறான். சரியான திசையிலதான் போறோம்னு அவனுக்குத் தோணுது. புத்தகம் அங்கேயே முடிஞ்சுடுது. மார்கலோ கிடைக்கல.

ரெண்டாம் பாகம் படத்துல மார்கலோ வருவா, கதை வேற மாதிரி நல்லபடியா முடியும். புத்தகத்துல அப்படி இல்ல. குழந்தைகள் கிடைச்சாளா இல்லையான்னு கேட்டு ஒயிட்டுக்குக் கடிதம் எழுதிக்கிட்டே இருந்தாங்க. அவர் கடைசி வரைக்கும் இன்னொரு பக்கம் சேர்க்கல. 1985-ல இறந்துட்டார்.

இதை மாடியில சொல்லி முடிச்சப்ப மணி ஒன்பதரை. பசங்க பாயைச் சுருட்டிட்டாங்க. பெரியம்மா மீன் கிண்ணத்தை எடுத்துக்கிட்டே கேட்டாங்க: "அப்ப அந்தப் புள்ள ராத்திரிக்கு எங்க சாப்டுச்சு?"

புத்தகத்துல தேடிப் பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.