கல்லீரல் கொழுப்பும் தைராய்டும்
(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து 48 வயது அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்து முந்திரிப் பருப்பு உடைப்பவர். மஞ்சள் பையிலிருந்து இரண்டு கோப்புகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் இருந்த வயிற்று ஸ்கேன் அறிக்கை, கல்லீரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு என்றது. மற்றொன்றில் டி.எஸ்.எச். அளவு 14 என்று இருந்தது. தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன் அது; தைராய்டு குறையும்போது அது ஏறும். பெரும்பாலான ஆய்வகங்களில் ஏறத்தாழ 0.4 முதல் 4 வரைதான் இயல்பு. இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகக் காட்டி வந்ததால், ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவே இல்லை. "நான் குடிக்கிறவள் இல்லையே ஐயா, எனக்கு எப்படி ஈரல் கெட்டது?" என்று தலைகுனிந்து கேட்டார். மதுவைத் தொடாதவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதை முதலில் சொல்லி, அவருடைய கூச்சத்தைப் போக்க வேண்டியிருந்தது.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. அதிலிருந்து ஓர் அயோடின் அணுவைக் கழற்றி, வீரியம் மிக்க டி3 ஆக மாற்றும் வேலையில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த டி3, கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் பீட்டா ஏற்பி என்ற, ஹார்மோன் வந்து பொருந்தும் புரதத்தோடு இணைந்து, கொழுப்பு அமிலங்களைச் செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி எரிக்கச் செய்கிறது, ரத்தத்திலிருந்து எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக்கொள்ளவும் துணைபுரிகிறது. ஹார்மோன் குறையும்போது அடுப்பின் தீ தணிந்தாற்போல எரிப்பு மந்தமாகி, வந்து சேரும் கொழுப்பு செல்லிலேயே தங்குகிறது. தைராய்டு குறைந்தவர்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் ஏறுவதும் இதனோடு சேர்ந்ததே.

ஆயினும் தைராய்டு குறைவு ஒன்றே கல்லீரல் கொழுப்புக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உடல் பருமனும் சர்க்கரை நோயும்தான் முதன்மைக் காரணங்கள். தைராய்டு குறைந்தவர்களிடம் கல்லீரல் கொழுப்பு மிகுந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறினாலும், டி.எஸ்.எச். சற்றே உயர்ந்து டி4 இயல்பாக இருப்பவர்களின் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆகவே கல்லீரலில் கொழுப்பு என்று அறிக்கை வந்தால் டி.எஸ்.எச். பரிசோதனையையும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். சிறிய ரத்தப் பரிசோதனைதான் அது.

அப்படியானால் கொழுப்பைக் கரைக்கத் தைராய்டு மாத்திரையையே விழுங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். இதயத்திலும் எலும்பிலும் ஆல்பா என்ற வேறு ஏற்பியே மேலோங்கி இருக்கிறது. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, கல்லீரலின் பீட்டா ஏற்பியைக் குறிவைத்து உருவாக்கப்பட்டதே ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்து. கொழுப்போடு அழற்சியும் மிதமானது முதல் முற்றியது வரையிலான தழும்பும் உள்ள, ஆனால் சிரோசிஸ் என்னும் ஈரல் சுருங்கிக் கெட்டிப்படும் நிலை வராத நோயாளிகளுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை அனுமதித்தது. இந்நோய்க்கென அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து அது. ஹார்மோனுக்கும் கல்லீரலுக்கும் உள்ள உறவுக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பண்ருட்டி அம்மாவிடம், தைராய்டு மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "காலையில் காபியோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்துத்தான்" என்றார். தைராய்டு ஹார்மோன் அளவு ஏறாததன் காரணம் அங்கே தெரிந்தது: காபியும் கால்சியமும், அந்த மாத்திரையிலுள்ள லெவோதைராக்சின் என்ற மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். மாத்திரை டப்பாவையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, எழுந்தவுடன் வெறும் வயிற்றில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கச் சொன்னேன்; கால்சியத்தை இரவு உணவுக்குப் பின் மாற்றினேன். இரவுச் சோற்றின் அளவைக் குறைத்து, தினமும் அரை மணி நேரம் நடக்கவும் சொன்னேன்.

எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 3.8க்கு இறங்கியது. ஆறு மாதத்தில் எடை நான்கு கிலோ குறைந்து, ஸ்கேனில் கொழுப்பு முதல் நிலைக்கு வந்திருந்தது. இதில் நடையின் பங்கு எவ்வளவு, தைராய்டு சீரானதன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. அடுத்த முறை வரும்போது எல்லா அறிக்கைகளையும் ஒரே கோப்பில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.