வானத்திலிருந்து விழும் அரிசியும் மூடிக்கிடக்கும் சாலையும்

[திரையில்: நீல வானம். விமானத்தின் பின்கதவு திறக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பாராசூட்கள் விரிகின்றன.]

இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2024 மார்ச்சில் காசாவின் மேல் பாராசூட்கள் இறங்கியபோது செய்தி சேனல்களில் திரும்பத் திரும்ப இதுதான் ஓடியது. பார்த்தவுடன் எனக்கும் மனசு லேசானது. சரி, யாரோ சாப்பாடு போடுகிறார்கள், குழந்தைகள் இன்று ராத்திரி பசியோடு தூங்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இப்போது உங்களோடு சேர்ந்து மறுபடியும் போடப்போகிறேன்.

போர் நடக்கும் ஊரில் மாட்டிக்கொண்ட மக்களுக்கு வானத்திலிருந்து உணவு போடுவது எப்படி நடக்கிறது? அது எவ்வளவு பேரின் வயிற்றை நிரப்புகிறது? அதை ஏன் கடைசி வழி என்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள, முடிந்துபோன ஒரு முற்றுகையை எடுத்துக்கொள்வோம்.

[திரையில்: சிரியாவின் வரைபடம். கிழக்கே யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் ஒரு புள்ளி.]

டெய்ர் எஸ்ஸோர். சிரியாவின் கிழக்கே, யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். 2014-இல் சுற்றியிருந்த பகுதிகளை ஐ.எஸ். அமைப்பு பிடித்தது. நகரத்தின் சில பகுதிகள் மட்டும் அரசுப் படையின் கையில் இருந்தன. அந்தப் பகுதிகளைச் சுற்றி ஐ.எஸ். முற்றுகை போட்டது. உள்ளே ராணுவம் மட்டும் இருக்கவில்லை, குடும்பம் குடும்பமாகப் பொதுமக்களும் இருந்தார்கள். ஐ.நா.வின் பிந்தைய மதிப்பீடு 93,500 பேர். சாலை வழியாக ஒரு லாரிகூட உள்ளே போக முடியவில்லை.

2016 பிப்ரவரி 24. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அங்கே முதல்முறையாக வானிலிருந்து உணவு போட்டது. மொத்தம் 21 பொதிகள், 21 டன். நடந்தது என்ன தெரியுமா? நான்கு பொதிகள் விழுந்து சிதைந்தன. ஏழு பொதிகள் இரண்டு தரப்புக்கும் நடுவே, யாரும் கால்வைக்க முடியாத இடத்தில் விழுந்தன. மீதிப் பத்து எங்கே போயின என்றே தெரியவில்லை. பசித்திருந்தவர்களுக்கு ஒரு முழுப் பொதியாவது போய்ச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

திறமை இல்லாதவர்கள் செய்த வேலை இல்லை இது. கீழே இருப்பவர்கள் விமானத்தைச் சுட்டுவிடலாம் என்பதால் தாழ்வாகப் பறக்க முடியாது. சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் பறந்துதான் போட வேண்டும். ஒரு பொதி தரையைத் தொட ஐந்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று, அதாவது நம் ஊரில் சாயங்காலம் மொட்டை மாடியில் வீசுகிற அளவுக் காற்றுதான். ஐந்து நிமிடத்தில் அது பொதியை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிவிடும். முற்றுகைக்குள் இருக்கிற நகரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி யார் இருக்கிறார்கள்? முற்றுகை போட்டவர்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு ஏறத்தாழ ஏழு வாரம் உட்கார்ந்து பாராசூட்டையும் கட்டும் முறையையும் சரிசெய்தார்கள். ஏப்ரல் 10 அன்று 26 பொதிகளில் 20 டன் உணவு போட்டார்கள். இந்தமுறை பெரும்பாலானவை குறித்த இடத்தில் இறங்கின. அரிசி, கொண்டைக்கடலை, பீன்ஸ். சிரிய அரபு செம்பிறைச் சங்கத்தின் தொண்டர்கள் அவற்றைச் சேகரித்துப் பங்கிட்டார்கள்.

[திரையில்: இல்யூஷின் விமானத்தின் உட்புறம். உருளைகளின் மேல் வரிசையாகப் பொதிகள்.]

விமானம் இல்யூஷின் 76. நம் விமானப்படை 'கஜராஜ்' என்று பெயர் வைத்திருக்கிற அதே விமானம். உள்ளே தரையில் உருளைகள் பதித்திருக்கும், அவற்றின் மேல் பொதிகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். குறித்த இடம் வந்ததும் பின்கதவு திறக்கும், விமானி மூக்கைச் சற்றே மேலே தூக்குவார், பூட்டு விடுபடும். பொதிகள் தம் எடையிலேயே சரிந்து பின்பக்கமாக வெளியே போகும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

கீழே இருப்பவர்கள் வேலை அதைவிடக் கடினம். மக்களை அந்த இடத்திலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும். ஒரு டன் எடை தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விழுந்ததைச் சேகரிக்க வேண்டும், எண்ண வேண்டும், எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்ற பட்டியல்படி கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலும் அந்த ஆட்களும் இல்லாத இடத்தில் உணவு யாருக்குப் போகும்? வேகமாக ஓடுகிறவனுக்குப் போகும். துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் போகும். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கும், நடக்க முடியாத பாட்டிக்கும் கடைசியில்கூடப் போகாது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த எண்களுக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

[திரையில்: கரும்பலகை. எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன.]

நெருக்கடி நேரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி வேண்டும் என்பது நிவாரணப் பணியில் பின்பற்றும் அளவு. அரிசி, பருப்பு, கொஞ்சம் எண்ணெய் எனக் கணக்கிட்டால் சுமார் அரைக் கிலோ உலர் உணவு. 93,500 பேருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 47 டன்.

ஒரு விமானம் போட்டது 20 டன். அதாவது, எந்தக் குறையும் இல்லாமல் அத்தனையும் போய்ச் சேர்ந்தாலும், அது அந்த மக்களுக்கு அரை நாள் சாப்பாடுகூட இல்லை.

2016 ஏப்ரல் முதல் 2017 ஆகஸ்ட் வரை உலக உணவுத் திட்டம் அங்கே 309 முறை உணவு போட்டது. சுமார் 6,000 டன். விமான வரலாற்றில் இது பெரிய சாதனை, அந்த விமானிகளையும் தொண்டர்களையும் நான் மனதார வணங்குகிறேன். ஆனால் அந்தப் பதினாறு மாதத்துக்கு அந்த மக்களுக்குத் தேவைப்பட்டது சுமார் 23,000 டன். போனது கால் பங்குதான். (ரஷ்ய விமானங்கள் தனியாகப் போட்ட உணவு இந்தக் கணக்கில் இல்லை.)

சரி, அந்த 47 டன்னை லாரியில் கொண்டுபோயிருந்தால்? ஒரு லாரிக்கு 20 டன் வைத்தால் நாளைக்கு மூன்று லாரி போதும், இடமும் மிஞ்சும். வெறும் மூன்று லாரி. நம் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடை வாசலில் எந்த நேரமும் நிற்கிற அளவு.

நான் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

செலவைப் பார்த்தால், சாலை வழியாகக் கொண்டுபோவதைவிட ஆறேழு மடங்கு அதிகம் ஆகிறது. அதே பணத்தில் ஆறேழு மடங்கு பேருக்குச் சாப்பாடு போடலாம். இன்னொன்று, அரிசியும் கொண்டைக்கடலையும் அப்படியே சாப்பிடுகிற பொருள் இல்லை. வேகவைக்கத் தண்ணீர் வேண்டும், அடுப்பெரிக்க ஏதாவது வேண்டும். முற்றுகையில் அவை இரண்டும்தான் முதலில் தீரும். எரிபொருளையோ, மயக்க மருந்தையோ, குழாய் பழுதுபார்க்கிற ஆளையோ தேவையான அளவுக்குப் பாராசூட்டில் இறக்குவது நடைமுறையில் மிகக் கடினம்.

[திரையில்: தென் சூடான். மழைநீர் தேங்கிய சமவெளி. மண்ணில் புதைந்த லாரி.]

வானிலிருந்து போடுவதே சரியான வழியாக இருக்கிற இடங்களும் உண்டு. தென் சூடானைச் சொல்லலாம். அங்கே பெரும்பாலும் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைக்காலத்தில் கரிசல் காட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் முழங்கால்வரை இறங்கும், செருப்பு திரும்ப வராது. அங்கே மழை தொடங்கினால் நாட்டின் பாதிக்கு மேல் லாரி போக முடியாது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்த பிறகு, உலக உணவுத் திட்டம் அங்கே தாழ்வாகப் பறந்து, பாராசூட் இல்லாமலே தானிய மூட்டைகளைப் போட்டது. விழுகிற வேகத்தில் கிழியாமல் இருக்கச் சாக்குக்குள் சாக்கு எனப் பல அடுக்காகக் கட்டுவார்கள். வெளிச்சாக்கு கிழிந்தாலும் உள்சாக்கு தாங்கும். சமையல் எண்ணெயை மட்டும் சின்னப் பாராசூட்டில் இறக்கினார்கள்.

அங்கேகூட, 2018-இல் சோபாட் ஆற்றில் படகுப் போக்குவரத்துக்கு வழி கிடைத்ததும் உடனே அதற்கு மாறினார்கள். ஒரு பெரிய படகு சுமப்பதைப் பல விமானங்கள் சேர்ந்துதான் சுமக்க முடியும்.

இதைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இல்லை.

[திரையில்: பாக் நீரிணையின் வரைபடம்.]

1987 ஜூன் 3. வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த நேரம். ராமேஸ்வரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள் நிவாரணப் பொருளோடு புறப்பட்டன. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்தது, படகுகள் திரும்பி வந்தன. மறுநாள் ஜூன் 4, இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. 'பூமாலை' என்று பெயர் வைத்தார்கள். குடாநாட்டில் லட்சக்கணக்கான மக்கள். இப்போது நமக்குக் கணக்குத் தெரியும், 25 டன் என்பது ஐம்பதாயிரம் பேருக்கு ஒரு நாள் சாப்பாடு. அது கொழும்புக்குச் சொன்ன அரசியல் செய்தி. அடுத்த மாதம் 29-ஆம் தேதி இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. வானிலிருந்து விழுகிற உணவில் பல நேரம் இப்படி ஒரு செய்தியும் சேர்ந்தே விழுகிறது, அதைக் கவனிக்க வேண்டும்.

2009-இல் வன்னியில் வானிலிருந்தும் எதுவும் விழவில்லை. ஜனவரியில் சாலை வழி நிவாரணம் நின்றது. பிப்ரவரியிலிருந்து மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடியோடு வந்த கப்பல்தான் ஒரே வழி. கரையில் அணைய முடியாது. கடலில் நிற்கும், சின்னப் படகுகள் போய்க் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து ஏற்றும். அப்படி 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளும் காயமடைந்தவர்களும் அவர்களோடு வந்த உறவினர்களும் வெளியேறினார்கள். மே 9-க்குப் பிறகு சண்டையின் கடுமையால் கப்பலும் வர முடியவில்லை.

அப்படியானால் சாலைகள் ஏன் மூடிக்கிடக்கின்றன? சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பட்டினியைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை தடை செய்கிறது. 2018 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417-ஆம் தீர்மானத்தில் அதையே கண்டித்தது. ஆனால் லாரி நகர வேண்டுமானால் அந்தப் பகுதியை வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதம் என்பது ஒரு கையெழுத்து இல்லை. எந்த லாரி, எந்த ஓட்டுநர், உள்ளே என்னென்ன பொருள், எந்த நாள், எந்தச் சோதனைச் சாவடி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்மதம். 'முடியாது' என்று யாரும் சொல்வதில்லை, 'நாளைக்கு வா' என்பார்கள்.

2018 மார்ச் 5 அன்று சிரியாவில், டமாஸ்கஸை ஒட்டி அரசுப் படையின் முற்றுகையில் இருந்த கிழக்கு கூத்தாவுக்குள் 46 லாரிகள் போக அனுமதி கிடைத்தது. புறப்படும் முன் சிரிய அரசு அதிகாரிகள் பொருட்களைச் சோதித்தார்கள். மருத்துவப் பொருட்களில் சுமார் 70 சதவீதத்தை இறக்கிவிட்டார்கள் என்று உலக சுகாதார அமைப்பின் அதிகாரி ஒருவர் சொன்னார். காயத்துக்கான பெட்டி, அறுவைச் சிகிச்சைப் பெட்டி, இன்சுலின். இன்சுலினைத் தடுத்தால் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு என்ன ஆகும் என்பது நம் வீடுகளில் தெரியாதவர் யார்? உள்ளே போனபோதும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. 14 லாரிகள் சரக்கை முழுதாக இறக்காமலே திரும்பின.

[திரையில்: மறுபடியும் காசா. கடலோரமாக இறங்கும் பாராசூட்கள்.]

தொடக்கத்தில் பார்த்த காட்சிக்குத் திரும்புவோம். 2024 மார்ச் 2 அன்று அமெரிக்கா முதல்முறை காசாவில் போட்டது 38,000 உணவுப் பொட்டலங்கள். அங்கே மக்கள் தொகை 20 லட்சத்துக்கு மேல். மார்ச் 8 அன்று விரியாத பாராசூட்டோடு விழுந்த பொதியில் அடிபட்டு ஐந்து பேர் இறந்தார்கள். போருக்கு முன் அதே காசாவுக்குள் நாளொன்றுக்குச் சுமார் 500 லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எல்லைக் கடவுகள் எல்லாம் அங்கேயேதான் இருந்தன. அடுத்தமுறை பாராசூட் காட்சி வரும்போது அந்தச் செய்தியிலேயே தேடிப் பாருங்கள், இன்று எந்தக் கடவு திறந்திருந்தது, எத்தனை லாரி உள்ளே போனது என்று. பெரும்பாலும் அது கடைசி வரியில் இருக்கும்.

டெய்ர் எஸ்ஸோரில் 2017 செப்டம்பர் 5 அன்று முற்றுகை உடைந்தது. அந்த வாரமே நிவாரண லாரிகள் நகருக்குள் வந்தன. 21 பொதிகளில் ஒன்றாவது முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்றே உறுதியாகத் தெரியாத அந்தப் பிப்ரவரி நாளிலிருந்து எண்ணினால், பதினெட்டு மாதங்கள் கழித்து.