உங்கள் தரை, கீழ்வீட்டின் கூரை

நேயர்களுக்கு வணக்கம். மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிக்க நினைக்கிறீர்களா? கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒன்று: உங்கள் தரைதான் கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை.

என்ன வேலை, எத்தனை நாள், காண்ட்ராக்டர் யார் என்று சொசைட்டிக்கு, அதாவது உங்கள் கட்டிடத்தின் வீட்டுவசதிச் சங்கத்துக்கு, எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். லிஃப்டில் பார்த்து செக்ரட்டரி ‘பண்ணிக்குங்க சார்’ என்றால் அது அனுமதி ஆகாது.

மாநகராட்சி அனுமதி வேறு. பூச்சு, பெயின்ட், தரை டைல்ஸ், குழாய் மாற்றுவதெல்லாம் மும்பை மாநகராட்சிச் சட்டம் 342ஆம் பிரிவில் சாதாரணப் பழுதுபார்ப்பு, அனுமதி தேவையில்லை. பாரம் தாங்கும் சுவரை எடுப்பதும் புதிதாக லாஃப்ட், அதாவது பரண், கட்டுவதும் அதில் சேராது. அதற்கு சொசைட்டியின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், மட்டும் போதாது.

டைல்ஸுக்கு அனுமதி வேண்டாம் என்றதும் பழைய தரை மேலேயே புதுத்தரை போட்டுவிடுகிறார்கள். வீட்டு அறைக்கு ஆட்கள், கட்டில், பீரோ என்று சதுர மீட்டருக்கு 200 கிலோதான், கட்டிடம் தாங்க வேண்டிய பாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 கணக்கு. இரண்டு அங்குலக் கலவையும் மார்பிளும் மட்டும் 150 கிலோ! பீரோவை எங்கே வைப்பது? பழையதைப் பெயர்த்துவிட்டே போடுங்கள்.

இப்போது பாத்ரூம். சண்டையில் பாதி இங்கேதான். தரையைப் பெயர்த்ததும் பழைய வாட்டர்ப்ரூஃபிங்கும் போய்விடும். புதிதாகப் போட்டுக் காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், நஹானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் வெளியேறும் துளையை, துணியும் சிமென்டும் வைத்து அடையுங்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் கோடு. 48 மணி நேரம். சாயங்காலம் நிரப்பிக் காலையில் திறந்துவிடுவது சோதனையே இல்லை. கசிவு ஸ்லாபில், அதாவது கான்கிரீட் தளத்தில், மெதுவாகத்தான் ஊறும். கீழே ஈரம் தெரிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கினால் ஆவியானது. அரை அங்குலம் இறங்கினால் எங்கோ ஓட்டை. முக்கால்வாசி ட்ராப்பைச் சுற்றியோ, குழாய் ஸ்லாபைத் துளைக்கும் இடத்திலோ, சுவரும் தரையும் சேரும் மூலையிலோ இருக்கும். அங்கே பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஒரு அடியாவது ஏற்றுங்கள். குளிக்கும் பக்கம் இன்னும் மேலே. கீழ்வீட்டுக்காரரை அழைத்து அவர் கூரையைக் காட்டி, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு அவர் படுக்கையறையில் ஈரம் படர்ந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். டைல்ஸ் ஒட்டிவிட்டுச் சோதிக்கலாம் என்பார் காண்ட்ராக்டர். கேட்காதீர்கள். கசிந்தால் அத்தனையையும் உடைக்க வேண்டும். அந்தச் செலவு அவருடையதல்ல.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். மின்சாரம் பற்றிப் பேச நினைத்தேன், நேரமில்லை. இடிபாடு பற்றி மட்டும்: மூட்டை கட்டி அன்றன்றே இறக்குங்கள், பால்கனியில் குவிக்காதீர்கள், அதுவும் பாரம்தான். யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது என்பதைக் காண்ட்ராக்டர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வணக்கம்.