தண்ணியும் ஒண்ணு, படிக்கட்டும் ஒண்ணு

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். மன அழுத்தத்துல நம்மை ஆட்டி வைக்கிறது சூழ்நிலையா, மனநிலையா? மனநிலைதான்!

எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார்: "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தா மனநிலையா வந்து தண்ணி இறைக்கும்?" நீங்களும் கைதட்டுனீங்க. அண்ணே, வெள்ளத்தைப் பத்தி எங்கிட்டயா கேட்டீங்க?

2015 டிசம்பர் 1 ராத்திரி. சைதாப்பேட்டை. அடையாறு தெருவுக்குள்ள வந்துடுச்சு. கரண்ட் இல்ல, போன் இல்ல. எங்களுக்குக் கீழ்வீடு. மாடிக்குப் பதினாறு படி. எங்கப்பா ஒன்பதாவது படியில உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கல. கையில சாவிக்கொத்து. "மேல வாங்கப்பா." பதில் இல்ல. தண்ணி மூணாவது படியைத் தொடுது. அப்பவும் அசையல!

அம்மா? தங்கச்சியோட சாக்பீஸை எடுத்தாங்க. டார்ச்சைப் பிடிச்சு, தண்ணி தொடுற படியில எல்லாம் ஒரு கோடு, பக்கத்துல மணி. நாலாவது படி, பதினொன்றரை. அஞ்சாவது படி, பன்னிரண்டேகால். "ஒரு படிக்கு முக்கால் மணி நேரம். இன்னும் பதினோரு படி இருக்கு. அதுக்குள்ள விடிஞ்சிரும். மேல்வீட்டு அக்காகிட்ட டீ போடச் சொல்லு."

நடுவர் ஐயா, அதே தண்ணி, அதே படி! சிறுநீரகத்துக்கு மேல உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி ரெண்டு பேருக்குந்தான் சுரந்திருக்கும். நெஞ்சு ரெண்டு பேருக்குந்தான் அடிச்சிருக்கும். வால்டர் கேனன்னு அமெரிக்க உடலியல் அறிஞர், ஆபத்து வந்தா உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகும்னு சொன்னார். மூணாவதா ஒண்ணு இருக்கு, உறைஞ்சு போறது. அப்பா உறைஞ்சு போனார்.

எங்கப்பா கோழை இல்லீங்க. அந்த ஆகஸ்ட்லதான் கடையை மூடினார். மூணு மாசமா ராத்தூக்கம் கிடையாது. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே அந்த மனசு முங்கிப் போயிருந்துச்சு. அண்ணனோட தராசுல அதுக்குத் தட்டு இருக்கா?

அம்மாவுக்கு அது தெரிஞ்சிருந்தது. பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. இறங்கிப் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தாங்க. "ஏங்க, கண்ணாடி இல்லாம எனக்குப் படி தெரியல. அடுத்த கோட்டை நீங்க போடுங்க."

சாவிக்கொத்தைக் கீழ வச்சார். சாக்பீஸை வாங்கினார். ஆறாவது படி, ஒரு மணி. அப்பா கையெழுத்து.

அம்மாவோட கண்ணாடி அன்னிக்கு ராத்திரி பூரா அவங்க முந்தானையிலதான் முடிஞ்சிருந்தது.