மும்பை ஹாஃப் மாரத்தான்: தாராவியில இருந்து சீ லிங்க் வழியா

வணக்கம் மக்களே. குரல் கரகரன்னு இருக்கும், கண்டுக்காதீங்க. முதல் ஹாஃப் மாரத்தான் ஓடி முடிச்சாச்சு. 21.0975 கிலோமீட்டர். இப்போ தாராவியில சித்தி வீட்டு மொட்டை மாடியில உக்காந்துதான் பேசுறேன். பக்கத்து வீட்டுல மிக்சி ஓடுது, பொறுத்துக்கோங்க.

நெல்லையில இருந்து அவ்வளவு தூரம் போயி ஓடணுமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பாளையங்கோட்டை ரோட்டுலயே சுத்திச் சுத்தி ஓடுன எனக்கு சீ லிங்க் மேல ஓடணும்னு ஆசை, அவ்வளவுதான். பாந்த்ரா-வொர்லி சீ லிங்க், கடல் மேல போற பாலம், 2009-ல திறந்தது, 5.6 கிலோமீட்டர். மத்த நாள்ல அதுல நடக்கவும் விடமாட்டாங்க, பைக், ஆட்டோ எதுக்கும் அனுமதி கிடையாது. எங்க சித்தப்பா ஆட்டோ ஓட்டுறவரு. மும்பையில ஆட்டோ சயான், மாகிமைத் தாண்டி தெற்கே போகவே கூடாது. "நான் இத்தனை வருஷமா ஓரமா நின்னு பாத்த பாலத்துல நீ ஓடப் போறியாட்டி?"ன்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு.

பயணத்தைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். நாகர்கோவில்-மும்பை ரயில், திருநெல்வேலியில ஏறி கல்யாண்ல இறங்கி, லோக்கல் புடிச்சு சயான். அவ்வளவு நேரம் உக்காந்தே வந்தா கால் கட்டை மாதிரி ஆயிடும், அப்பப்ப எந்திரிச்சு நடங்க. வெளியூர்ல இருந்து வர்றவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுறது நல்லது. ஏன்னா பிப், அதாவது நெஞ்சுல குத்துற நம்பர் சீட்டு, ஓடுற அன்னைக்குக் காலையில தரமாட்டாங்க. முன்கூட்டியே பி.கே.சி.யில, அதாவது பாந்த்ரா-குர்லா காம்ப்ளக்ஸ்ல, நடக்குற மாரத்தான் எக்ஸ்போவுக்குப் போயி ஐ.டி. கார்டு காட்டி வாங்கணும். நேரம் கணக்கு பண்ற சிப் அதுக்குப் பின்னாடிதான் ஒட்டியிருக்கும். மடிச்சுக் கிடிச்சு வச்சுடாதீங்க.

சனிக்கிழமை சித்தி மட்டன் எடுத்துட்டு வந்துட்டாங்க. "ஓடப் போற புள்ள, தெம்பு வேண்டாமா?" கெஞ்சிக் கூத்தாடி ரசஞ்சோறும் உருளைக்கிழங்கும் வாங்கிச் சாப்பிட்டேன். ஓட்டத்துக்கு முந்தின நாள் புதுசா எதுவும் கூடாது: புது சாப்பாடு, புது ஷூ, புது சாக்ஸ், எதுவுமே. தொடை, அக்குள்ல வாஸ்லின் தாராளமா தடவுங்க. இதை வெக்கப்பட்டுக்கிட்டு யாரும் சொல்றதில்ல, அப்புறம் குளிக்கும்போதுதான் எரிச்சல்ல கத்துறாங்க.

மூன்றரை மணிக்கு சித்தப்பாவும் நானும் நடந்தே கிளம்பிட்டோம். ஹாஃப் மாரத்தான் ஆரம்பிக்கிறது மாகிம் ரேத்தி பந்தர் பக்கம், தாராவியில இருந்து நடக்கிற தூரம்தான். அந்த நேரத்துல ஊரே தூங்கும்னு நெனச்சீங்களா? இட்லி வீடுகள்ல லைட் எரியுது. நம்ம ஊர்க்காரங்கதான். பெரிய பெரிய அலுமினியப் பாத்திரத்துல அடுக்கடுக்கா தட்டு, திறந்தா குப்புன்னு ஆவி. விடிஞ்சா அந்த இட்லிதான் அண்டாவுல ஏறி மும்பை முழுக்கப் போகுது. ஒரு அண்ணாச்சி என் நெஞ்சுல நம்பரைப் பாத்துட்டு, "எலெக்சனா?"ன்னாரு.

அஞ்சு மணி வாக்குல விட்டாங்க. பின் வரிசையில நின்னா கோட்டைத் தாண்டவே சில நிமிஷம் ஆகும், பதறாதீங்க. கோட்டுல விரிச்சிருக்கிற டைமிங் மேட்டை (mat) நீங்க மிதிச்சதுல இருந்துதான் உங்க சிப் நேரம் ஓடும்.

சீ லிங்க்ல ஏறினதும் எல்லாரும் பறக்குறாங்க. இருட்டு, ரெண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல கேபிள்லாம் வெளிச்சத்துல மின்னுது, அடிக்கிற காத்துல உடம்புல களைப்பே தெரியாது. அங்கதான் ஆபத்து. நான் 2:40 கொடி பிடிச்ச பேஸரை, அதாவது 2 மணி 40 நிமிஷத்துல முடிக்கிற மாதிரி ஒரே வேகத்துல ஓடி வழிகாட்டுறவரை, விடாம ஒட்டிக்கிட்டேன். அவரு பின்னாடி ஓடுற கூட்டத்தை இங்க 'பஸ்'னு சொல்றாங்க. பஸ்ஸுக்கு முன்னாடி ஓடிப் போகணும்னு கால் துடிக்கும், போகாதீங்க. சீ லிங்க்ல வாங்குன கடனுக்கு பெடர் ரோட்டுல வட்டி கட்டணும்.

அந்த பெடர் ரோட்டைப் பத்தி சொல்லியே ஆகணும். ஹாஜி அலி தாண்டுனதும் ஏத்தம் ஆரம்பிக்கும். கார்ல போனா இது ஏத்தம்னே உங்களுக்குத் தெரியாது. ஆனா பதினாலு, பதினஞ்சு கிலோமீட்டர் ஓடின காலுக்கு அது நல்லாவே தெரியும். சீ லிங்க்ல என்னைத் தாண்டிப் போன ஆளுங்க இங்க இடுப்புல கையை வச்சு நடந்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு பக்கமும் குடியிருக்கிற ஜனங்க ஆரஞ்சுச் சுளை, வாழைப்பழம், பிஸ்கட்னு தட்டுல வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நைட்டி மேல ஸ்வெட்டர் போட்ட ஒரு பாட்டி, உரிச்ச ஆரஞ்சை என் வாயிலயே திணிச்சுட்டு, "சலோ, சலோ"ன்னு முதுகுல தட்டுனாங்க. எனக்கு இந்தி சுமார்தான். அதுக்கு இந்தி தேவையும் இல்ல.

கெம்ப்ஸ் கார்னர்ல இறக்கம். முட்டியைப் பாத்து, சின்னச் சின்ன அடியா வைங்க. மெரின் டிரைவ்ல வெயில் மூஞ்சில அடிச்சுது. அந்த நேரம் எதிர்ப்பக்கம் ஃபுல் மாரத்தான் எலைட் ஆளுங்க சர்ருனு போனாங்க. நாம சைக்கிள் மிதிக்கிற வேகம்! 2023-ல எத்தியோப்பிய வீரர் ஹைலே லெமி இங்க 42.195 கிலோமீட்டரை 2:07:32-ல முடிச்சிருக்காரு. நான் அதுல பாதி தூரத்துக்கே அவரைவிட அதிக நேரம் எடுத்தேன். சிப் நேரம் 2:38. எனக்குத் திருப்திதான், டைமிங் குறைச்சல்னு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.

முடிஞ்சதும் உடனே உக்காந்துடாதீங்க, ஒரு பத்து நிமிஷமாவது நடங்க. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன்ல லோக்கல் ரயில் ஏறுனேன். மெடலைப் பாத்து ஒரு அக்கா எந்திரிச்சு எடம் கொடுத்தாங்க. சயான் வந்தப்போ அந்த சீட்டை விட்டு எந்திரிக்கிறது பெடர் ரோட்டைவிடக் கஷ்டமா இருந்துச்சு.

நாளைக்கு ஊருக்கு ரயில். டிக்கெட்டை இப்போதான் பாக்குறேன், அப்பர் பெர்த் போட்டிருக்கான். லோயர் பெர்த்துல யாராவது நம்ம சப்ஸ்கிரைபர் வர்றீங்களா, சொல்லுங்க.