பாதிச் சம்பளத்துக்குப் பாதி வேலை

(உச்சிப்புளிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில், பெண்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது. பேச்சை அப்படியே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். பின்வரிசையில் பிள்ளை அழுததும் ஒரு தங்கச்சி எழுந்து வெளியே போகப் பார்க்கிறார். போக வேண்டாம் அம்மா, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுங்கள். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பில் பார்ப்பது, வவுச்சர் போடுவது, மாதா மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்வது, இதுதான் என் வேலை. மூத்தவள் பிறந்து லீவு முடிந்தபோது, அரை நாள் மட்டும் வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன். எட்டு மாதம் அப்படி ஓடியது. அந்த எட்டு மாதத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

முதலில் லீவுக் கணக்கு. மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. 12 வாரமாக இருந்த சம்பளத்தோடு கூடிய விடுப்பை 2017-இல் 26 வாரமாக்கினார்கள். 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு இது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். 26 வாரம் என்றால் ஆறு மாதம், பிள்ளைக்கு ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்கிறார்கள், இரண்டும் பொருந்தி வருகிறதே என்றுதான் நானும் நினைத்தேன். பொருந்தாது. கால் வீங்கி, பஸ்ஸில் நிற்க முடியாமல், பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னாலேயே லீவு எடுத்தேன். மிச்சம் இருந்தது 20 வாரம். என் மகளுக்கு ஐந்து மாதம்கூட முடியாத நாளில் நான் ஆபீஸ் படி ஏறினேன். எங்கள் தெருவிலேயே ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை இருக்கிறார். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாத விடுப்பு. அவர் பிள்ளை நடை பழகும்போது அவர் வீட்டில் இருந்தார். அதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்த 12 மாதம் எல்லாப் பெண்ணுக்கும் வர வேண்டும் என்றுதான் ஆசை.

அரை நாள் வேலை பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடிந்தபின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொள்கிறபடி வீட்டிலிருந்து செய்யலாம் என்று இருக்கிறது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். அவ்வளவுதான். சுவீடனில் பிள்ளைக்கு எட்டு வயதாகும் வரை பெற்றோர் வேலை நேரத்தில் கால்வாசியைக் குறைத்துக்கொள்ளலாம், அது அங்கே உரிமை. இங்கே நாம் வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

சேர்ந்த முதல் நாள் காலை ஒன்பதரைக்குப் போனேன். பதினொன்றரைக்கெல்லாம் மார்பு கட்டிக்கொண்டது. பால் கட்டினால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவறைக்குப் போனேன். தாழ்ப்பாள் சரியாக விழாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டேன். குழாயைத் திறந்ததும் வெள்ளையாகச் சுழன்று ஓடிப் போனது. அதே நேரம் வீட்டில் என் மகள் அத்தை மடியில் பாலாடையைத் தட்டிவிட்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அது மதியம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நான்காம் நாள், ஆபீஸ் கூட்டுகிற அக்கா என் கையில் ஒரு சாவியை வைத்தார். "பழைய லெட்ஜர் கிடக்குற ரூம்தானே, உள்ள போயி உக்காரு. நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார். நான் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்புறம் அந்தப் பாலைக் கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவரப் பழகினேன். சுத்தமான, மூடி போட்ட புட்டியில் வைத்தால் அறைச் சூட்டில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்த அறைச் சூடு 25 டிகிரி. நம் ஊரில் சித்திரை வைகாசியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? ஐஸுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. மீனுக்குப் போடும் ஐஸ் வேண்டாம், வீட்டில் உறையவைத்த தண்ணீர்ப் பாக்கெட்டை மூடிய புட்டியைச் சுற்றி வைத்து, டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். என் நேரம் ஒன்பதரை முதல் ஒன்றரை வரை. நாளைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு 24. சம்பளமும் சரியாகப் பாதியானது. பில் கட்டு மட்டும் பாதியாகவில்லை. விற்பனைக் கணக்கை 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும், வரி கட்டும் ரிட்டர்னை 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். என் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது, காய்ச்சல் என்று அந்தத் தேதிகள் தள்ளிப் போகாது. மதியம் வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் போட்டதும் போன் வரும். "அந்த ஒரு பில் மட்டும் பார்த்துடுங்கம்மா." ராத்திரி தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டி ஆட்டிக்கொண்டே லேப்டாப்பில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவேன். கட்டைவிரலில் கயிறு அறுத்துத் தடம் விழுந்திருந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. அரை நாள் கொடுத்ததே பெரிய விஷயம், இதற்கு மேல் பேசினால் வேலையே போய்விடும் என்ற பயம். நம்மில் பாதிப் பேரைக் கட்டிப்போடுவது இந்தப் பயம்தான்.

ஒரு நாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து மூன்று வாரம் எழுதினேன். ஆபீஸில் இத்தனை மணி, வீட்டில் இத்தனை மணி, என்ன வேலை. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 33 மணி நேரம் வந்தது. வாங்கிய சம்பளம் 24 மணி நேரத்துக்கு. அழுகையோ கோபமோ இல்லாமல் அந்த நோட்டை மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு தரம் புரட்டினார். கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் கணக்கு புரியும். ரிட்டர்ன் வேலை இன்னொரு தம்பிக்குப் போனது. வவுச்சரும் பேங்க் கணக்கைச் சரிபார்ப்பதும் எனக்கு. ஒன்றரைக்குப் பிறகு அழைப்பதில்லை. இதை நான்கு வரியில் கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அடுத்த 11-ஆம் தேதியோடு முடிந்திருக்கும்.

நேரத்துக்கு அளவு வைப்பது நம் கரைக்குப் புதிதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகும் அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். விரலில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகிற கைகள் இவை. மாதத்தில் 12 நாள் போதும், மிச்ச நாள் பாசி வளரட்டும் என்று நீங்களே கூடிப் பேசி வரம்பு வைத்தீர்கள். உங்களைப் போலப் பாசி எடுக்கும் சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு 2015-இல் கிடைத்ததற்குப் பின்னால் அந்தக் கட்டுப்பாடும் இருக்கிறது. கடலுக்கே நாள் குறித்த பெண்கள் நீங்கள். ஆபீஸ் நேரத்துக்கு நாங்கள் ஏன் அஞ்ச வேண்டும் என்று உங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

பாசி எடுப்பவர்களுக்கும் கிலோ கணக்கில் நண்டுச் சதை எடுப்பவர்களுக்கும் 26 வாரச் சம்பளம் யாரும் தருவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய், அதில் 14,000 பணமாகவும் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டிகளாகவும். கர்ப்பமானதும் கிராம செவிலியரிடம் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் அந்தப் பணம் எத்தனை நாளைக்கு வரும்? பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே நண்டுக் கூடையின் முன்னால் உட்கார்ந்த மதினிமார் எனக்குத் தெரியும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்முகிறது, மன்னியுங்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது, சம்பளப் பிரிவில் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அரை நாள் கேட்டால், "ராஜினாமா கொடுத்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்" என்பார்கள். கொடுக்காதீர்கள். பழைய சர்வீஸ் அறுந்துவிடும், வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஐந்து வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அடுத்து, பணிக்கொடையைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் போடுவார்கள். பாதிச் சம்பளத்தில் இருக்கும்போது வேலையை விட்டால் அத்தனை வருட உழைப்புக்கும் பாதிக் கணக்குதான். கடைசியாக, இரண்டாவது பிள்ளை. நிறுவனமே தரும் மகப்பேற்றுச் சம்பளம், லீவு எடுப்பதற்கு முந்தைய மூன்று மாதச் சராசரி. அந்த மூன்று மாதம் அரை நாளில் இருந்தால் 26 வாரமும் பாதிதான் வரும். அதனால் எத்தனை மாதத்துக்கு அரை நாள், எந்தத் தேதியில் முழு நேரம் என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

வீட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம், நேரமில்லை. அரை நாள் வேலைக்குப் போனால் மிச்ச அரை நாள் சும்மா இருப்பதாக வீட்டில் நினைக்கிறார்கள். தண்ணீர் பிடிக்க, ரேஷனுக்குப் போக, விருந்தாளிக்குச் சமைக்க எல்லாம் அந்த அரை நாள்தான். எங்கள் அத்தை ஒரு நாள் என் கணவரைக் கூப்பிட்டு, "மதியம் வர்றவ பிள்ளைக்காக வர்றா, ஒனக்குக் குழம்பு வைக்க இல்ல" என்று சொன்ன பிறகு எங்கள் வீட்டில் அது மாறியது. அத்தை முன்வரிசையில்தான் இருக்கிறார்.

நான் கொடுத்த கடிதத்தின் நகல் முப்பது கொண்டு வந்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், நேரம், எந்தெந்த வேலை, எந்தத் தேதி வரை என்ற இடங்களைக் காலியாக விட்டிருக்கிறேன். எப்படி நிரப்புவது என்று தெரியாதவர்கள் இருங்கள், கடைசி பஸ் வருகிற வரைக்கும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். நண்டுச் சதை எடுக்கும் அக்காமார் மட்டும் கொஞ்சம் முன்னால் வாருங்கள். உங்களுக்கு என்ன மனு, யாரிடம் கொடுப்பது என்று பேச வேண்டும், அதற்கு என்னிடம் இன்னும் நகல் இல்லை.