எட்டு விநாடிக்கு ஒரு வரி

வணக்கம். துருவத்துக்குத் துருவம் சுற்றும் வானிலைச் செயற்கைக்கோள் சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு காற்றின் சூட்டை எப்படி அளக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையில் மெல்லிய நுண்ணலையைத் தானாகவே வெளியிடுகிறது, மேகம் பெரும்பாலும் அதை மறைப்பதில்லை. அதைத்தான் பிடித்து, அதன் வலுவிலிருந்து சூட்டைக் கணக்கிடுகிறோம்.

1998-இல் ஏவி 2025 வரை இயங்கிய நோவா-15 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளில் இருந்த, நுண்ணலையை அளக்கும் ஆம்சு-ஏ கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 8 விநாடிக்கு ஒருமுறை அதன் ஆடி சுழன்று, தரையில் ஒரு வரியாக 30 இடங்களைப் பார்த்து, அப்புறம் 2.7 கெல்வின் குளிரில் கிடக்கும் வெற்று விண்வெளியைப் பார்த்து, கடைசியாகத் தனக்குள்ளேயே வைத்திருந்த சூடான பரப்பையும் பார்த்துவந்தது. கீழே வருவது வெப்பநிலை இல்லை, வெறும் எண்கள். அந்தக் குளிரையும் சூட்டையும் அளவுகோலாக வைத்துத்தான் எண்ணை வெப்பநிலையாக மாற்றுகிறோம்.

மாற்றிய பிறகு மூல எண் எதற்கு, அழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள்!

ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1978 முதல் பறந்த பழைய நுண்ணலைக் கருவிகளைக் கொண்டு வளிமண்டல வெப்பநிலைத் தொடரை உருவாக்கினார்கள். செயற்கைக்கோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதால் பார்க்கும் கோணம் மாறி, இல்லாத குளிர்ச்சி அதில் தெரிகிறது என்று வென்ட்ஸ், ஷாபெல் என்ற வேறு இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். ஒரே இடத்தைக் கடக்கும் நேரமும் வருடாவருடம் நகர்கிறது இல்லையா, அதற்கான திருத்தத்திலும் பிழை இருப்பதை 2005-இல் மியர்ஸ் என்ற ஆய்வாளரும் அதே வென்ட்ஸும் கண்டுபிடித்தார்கள். ஸ்பென்சரும் கிறிஸ்டியும் இரண்டு முறையும் தொடரைத் திருத்தினார்கள். பழைய அளவீடுகள் நேரத்தோடும் இடத்தோடும் கோணத்தோடும் பத்திரமாக இருந்ததால்தான் அது முடிந்தது. இறுதி வெப்பநிலை மட்டும் கையில் இருந்திருந்தால் எங்கே தொட்டுத் திருத்துவது?

இடம் பிடிக்கும் என்ற கவலையும் வேண்டாம். ஒரு சுற்றுக்குச் சுமார் 101 நிமிடம், அதாவது சுமார் 760 வரி. வரிக்கு 30 இடம், இடத்துக்கு 15 அலைவரிசை, எண்ணுக்கு 2 பைட் என்று போட்டால் ஏழு லட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடும். நாளுக்கு 14 சுற்று. எல்லாம் சேர்த்து 10 மெகாபைட், செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று போட்டோ அளவுதான். விண்வெளியையும் சூடான பரப்பையும் பார்த்த எண்களை, அந்தப் பரப்பில் பதித்த வெப்பமானிகளின் அளவுகளோடு சேர்த்து வைத்தாலும் அதிகம் கூடாது. அவற்றையும் கூடவே வையுங்கள்.